மார்க் வருவதற்கு முன்பே தொடங்குங்கள்: கல்லூரி உதவித்தொகை தேடும் வழி

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் 19 ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். முதலில் நகல் எடுப்பது மட்டும்தான் வேலை. பிறகு ஒரு கணினி வாங்கிப் போட்டேன். இப்போது விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதில்தான் கடை ஓடுகிறது. பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் காலையே வாசலில் கூட்டம் நிற்கும். காசிமேடு, கொருக்குப்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, எண்ணூர் என்று பல பக்கத்திலிருந்தும் வருவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், மார்க் ஷீட், எப்போதோ வாங்கிய வருமானச் சான்றிதழ் எல்லாம் அதற்குள் மடிப்பு கிழிந்து கிடக்கும்.

அந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஆதங்கம்தான்: இவர்கள் ஜனவரியிலேயே வந்திருக்கக் கூடாதா? உதவித்தொகையைத் தவறவிட்ட பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு மார்க் இருந்தது, வறுமையும் இருந்தது. பெயரில் ஓர் எழுத்து இடித்தது, அல்லது வங்கிக் கணக்கு சரியாக இல்லை, அல்லது கடைசித் தேதி கடந்துவிட்டது. அதனால் எந்தத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்வதற்கு முன்னால், அந்தக் கவரைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்கிறேன்.

முதலில் பெயர். நம் ஊரில் பிள்ளைக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆதார் எடுத்த காலத்தில் எழுதியவர் தன் போக்கில் அப்பா பெயரை முழுதாகச் சேர்த்திருப்பார். மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல் இருக்கும். பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால் இருக்கும், மார்க் ஷீட்டில் பின்னால் இருக்கும். காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கும் ஓர் அம்மா தன் மகளோடு கடைக்கு வந்தார். 600க்கு 524 மார்க். அந்தப் பெண்ணின் ஆதாரில் அவள் பெயரும் அப்பா பெயரும் இடைவெளியே இல்லாமல் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டிருந்தன. விண்ணப்பம் கல்லூரியின் சரிபார்ப்பில் திரும்பி வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளின் பெயரை எப்படித் தவறாக எழுத முடியும், பத்து மாதம் சுமந்தவளுக்குத் தெரியாதா என்று கேட்டார். நான் மார்க் ஷீட்டையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

சரிசெய்ய வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். மார்க் ஷீட்டை மாற்றுவது பெரும்பாடு, ஆதாரை மாற்றுவது அதைவிட எளிது. அஞ்சலகங்களிலும் சில வங்கிக் கிளைகளிலும் ஆதார் மையம் இருக்கிறது. ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. எனவே அங்கே ஒப்புகைச் சீட்டு வாங்கியதும் நகராமல் நின்று, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள். 15 வயதுக்குப் பிறகு கைரேகையைப் புதுப்பித்திருக்கிறீர்களா என்றும் அங்கேயே கேளுங்கள். 15 முதல் 17 வயதுக்குள் செய்தால் கட்டணம் கிடையாது. ஆதாரில் பதிந்த செல்பேசி எண் இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா என்பதும் முக்கியம். சலுகைக்காக சிம் மாற்றிய வீடுகளில் ஓடிபி யாரோ ஒருவரின் போனுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. இதை நான் என் வீட்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். என் கணவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மகள் 2022இல் பி.காம் சேர்ந்தாள். உதவிபெறும் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தவள். நல்ல மார்க் என்பதால் மத்திய அரசின் உதவித்தொகைக்கு நானே விண்ணப்பித்தேன், தேர்வும் ஆனாள். பணம் அனுப்பியாயிற்று என்று தளத்தில் காட்டியது. பாஸ்புக்கில் வரவில்லை. இரண்டு மாதம் அலைந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: பள்ளியில் படிக்கும்போது வேறொரு வங்கியில் திறந்து, பிறகு மறந்தே போன கணக்கோடு அவள் ஆதார் இணைந்திருந்தது. அந்தக் கணக்கு செயலிழந்து கிடந்ததால் பணம் திரும்பிப் போய்விட்டது. அந்த ஆண்டுக்கான 12,000 ரூபாய் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற நான், என் மகளுக்கு இதைப் பார்க்காமல் விட்டேனே என்று பல நாள் தூங்கவில்லை.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். வங்கியில் ஆதார் நகல் கொடுத்துக் கணக்கு திறப்பது வேறு. அரசு உதவித்தொகை வந்து விழ வேண்டிய கணக்காக அதை ஆதாரோடு இணைப்பது வேறு. ஒருவருக்கு நான்கு கணக்குகள் இருந்தாலும் இந்த இணைப்பு ஒரே ஒரு கணக்குக்குத்தான் இருக்கும். பணம் ஆதார் எண்ணைப் பிடித்துக்கொண்டு அந்தக் கணக்கைத் தேடிப் போகும்; நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணை அது பார்க்காது. ஆதார் இணையதளத்தில் உள்ளே நுழைந்தால் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். மாற்ற வேண்டுமானால் வங்கிக்குப் போய் 'என்பிசிஐ மேப்பிங்' என்று கேளுங்கள். கவுண்டரில் இருப்பவருக்குப் புரியும். முழு ஆவணம் இல்லாமல் திறந்த சிறு கணக்காக இருந்தால், அதில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது, ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்கவும் முடியாது. பெரிய தொகை வரும்போது அங்கே சிக்கல் வரலாம். முழு ஆவணம் கொடுத்துச் சாதாரணக் கணக்காக மாற்றிவிடுங்கள்.

சான்றிதழ்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். வருமானச் சான்றிதழ் ஓர் ஆண்டுதான் செல்லும், அதனால் அதை மட்டும் ஏப்ரல், மே மாதத்தில் எடுங்கள். மற்ற இரண்டையும் பிளஸ் டூ அரையாண்டு விடுமுறையிலேயே முடித்துவிடலாம். வருவாய் ஆய்வாளர் விசாரித்தால் வருமானத்தை உள்ளபடி சொல்லுங்கள். ஒரு விண்ணப்பத்தில் ஒரு தொகை, இன்னொன்றில் வேறு தொகை என்று எழுதி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி பணம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நான் வருகிறவர்களிடம் நான்கு கேள்விகள் கேட்பேன். ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளியில் படித்தாய்? சாதிச் சான்றிதழில் என்ன வகுப்பு? அப்பா, அம்மா என்ன வேலை செய்கிறார்கள்? வீட்டில் இதற்கு முன் யாராவது பட்டம் வாங்கியிருக்கிறார்களா? இந்த நான்குக்கும் பதில் தெரிந்தால் பாதி வழி தெரிந்துவிடும்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டம். மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும். 2022 செப்டம்பர் 5ஆம் தேதி இந்தத் திட்டம் தொடங்கியது நம் வடசென்னையில்தான், பாரதி மகளிர் கல்லூரியில். மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை. பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எல்லாவற்றுக்கும் உண்டு. வருமான வரம்பு கிடையாது, ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் படித்தாலும் இருவருக்கும் கிடைக்கும், வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இரண்டிலும் வருகிறார்கள். இதற்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். கல்லூரி வழியாக யுமிஸ் என்ற மாநில அரசுத் தளத்தில் பதிவாகும். பள்ளியில் கொடுத்த எமிஸ் எண்ணை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். எந்த வகுப்பை எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

அதே அரசுப் பள்ளிப் பிள்ளை பொறியியலுக்குப் போக நினைத்தால், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைக் கட்டாயம் கேளுங்கள். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. 2021 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனாலும் கலந்தாய்வுக்கே பதிவு செய்யாமல், ஏஜென்ட் பேச்சைக் கேட்டு நேராக நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். வயிறு எரிகிறது. முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் அப்படித்தான்: ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தவருக்குத்தான் கிடைக்கும், ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். கலந்தாய்வைத் தவறவிட்டால் இரண்டும் போய்விடும்.

வகுப்பு வாரியான உதவித்தொகை பலருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு படித்தால் நிபந்தனை இல்லாத இலவசக் கல்வித் திட்டம் இருக்கிறது. மண்ணடி, ராயபுரம் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகளில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று சான்றிதழ் உள்ளவர்களும் இதில் அடங்குவார்கள். முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் வருமான வரம்பு அதேதான். இதில் ஒன்றைக் கவனியுங்கள். கல்லூரிக் கட்டணத்துக்கான தொகை இப்போது மாணவர் கணக்கிலேயே வருகிறது. வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு, வாடகை பாக்கி என்று எத்தனையோ நெருக்கடி இருக்கும். கணக்கில் பணம் வந்ததும் எடுத்துச் செலவு செய்துவிடுகிறார்கள். பிறகு கல்லூரி கட்டணம் கேட்கும்போது கையில் எதுவும் இருக்காது. மெசேஜ் வந்த அன்றே எது கல்லூரிக்குரியது, எது பிள்ளையின் செலவுக்குரியது என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பிரித்துவிடுங்கள். சென்னையில் இந்த நலத்துறைகளின் மாவட்ட அலுவலகங்கள் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில், சிங்காரவேலர் மாளிகையில் இருக்கின்றன. பீச் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம். தளத்தில் சிக்கல் என்றால் நேரில் போய் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வாருங்கள்.

மூன்றாவது கேள்விக்குத்தான் எங்கள் பகுதியில் நிறைய பதில் கிடைக்கிறது, அதைத்தான் யாரும் பயன்படுத்துவதில்லை. அப்பா ஆட்டோ ஓட்டுகிறாரா, கட்டட வேலை செய்கிறாரா, அம்மா வீட்டு வேலை செய்கிறாரா, தையல் தைக்கிறாரா, தெருவோரத்தில் கடை போட்டிருக்கிறாரா? இவை ஒவ்வொன்றுக்கும் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. உறுப்பினரின் பிள்ளைகள் கல்லூரியில் படித்தால் கல்வி உதவி உண்டு. கடலுக்குப் போகிறவர்களுக்கு மீனவர் நல வாரியம். கடையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்து, சம்பளத்தில் தொழிலாளர் நல நிதி பிடிக்கிறார்கள் என்றால் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்தில் தனியாகக் கேட்கலாம். தொகை பெரிதில்லை என்று விட்டுவிடாதீர்கள், புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகும். ஆனால் பிள்ளை கல்லூரியில் சேர்ந்த பிறகு அவசரமாக உறுப்பினராகப் பதிவதில் பயன் குறைவு. பதிவு இப்போதே இருக்க வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்திருக்கவும் வேண்டும். அப்பாவின் அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். காலாவதியான அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிற வீடுகள் நிறைய.

கலை, அறிவியல் படிப்பு என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டத்தையும் பாருங்கள். 2010 முதல் நடக்கிறது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் அதனோடு இணைந்த கல்லூரிகளில் ஏழை மாணவர்களைக் கல்விக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறார்கள். பெற்றோரை இழந்தவர்கள், கைம்பெண்களின் பிள்ளைகள், முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்களுக்கு முன்னுரிமை. பிளஸ் டூ முடிவு வந்து 15 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் இதைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். முடிவு வருகிற அன்றே பல்கலைக்கழகத் தளத்தைத் திறந்து பாருங்கள்.

மத்திய அரசின் பல திட்டங்களுக்குத் தேசிய உதவித்தொகைத் தளம்தான் வாசல். முதலில் ஒரு முறைப் பதிவு செய்ய வேண்டும். செல்பேசி கேமரா முன் முகத்தைக் காட்டி ஆதாரோடு ஒப்பிடுவார்கள். என் மகள் விண்ணப்பித்தது கல்லூரி மாணவர்களுக்கான மத்தியத் துறைத் திட்டம்: பிளஸ் டூவில் தன் வாரியத்தில் மேல்மட்டத்து 20 சதவீதத்துக்குள் வந்தவர்கள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்பின் முதல் மூன்றாண்டு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலைக்கு 20,000. வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குகிறவர்களுக்கு இது கிடையாது. எனவே இதில் கைவைக்கும் முன், மாநிலத் திட்டங்களில் உங்களுக்கு எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். பொறியியலோ பாலிடெக்னிக்கோ படிக்கும் பெண் என்றால் மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் பிரகதி உதவித்தொகை: ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு எட்டு லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அதே போல சாக்‌ஷம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்ட வீடுகளே குறைவு.

அறக்கட்டளைகளும் நிறுவனங்களும் கொடுப்பவை கடைசியில் வருகின்றன. அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டம் 2010 முதல் கிராமத்து, நகரத்து ஏழைப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறது. பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். கோட்டக் கன்யா, ரிலையன்ஸ் அறக்கட்டளை, எச்டிஎஃப்சி பரிவர்த்தன் போன்றவற்றுக்கு இணையத்தில் விண்ணப்பம். இப்படிப்பட்டவற்றில் சிலவற்றுக்கு உங்கள் நிலையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். அந்தப் பகுதியை நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. பிள்ளையையே உட்கார வைப்பேன். ஒரு பையன் முதலில், "நான் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவன், உதவி செய்யுங்கள்" என்று இரண்டு வரி எழுதினான். வீட்டில் எங்கே உட்கார்ந்து படிக்கிறாய் என்று கேட்டேன். ஒரே அறை, அப்பா இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குவார், அதனால் மாலையில் கொளத்தூர் முதல்வர் படைப்பகம் என்ற படிப்பு மையத்தில் உட்கார்ந்து படிப்பேன் என்றான். அதையே எழுது என்றேன். ஒரு பக்கம் எழுதினான். படிக்கிறவருக்கு அந்தப் பையன் கண் முன்னால் வந்து நின்றுவிடுவான்.

விண்ணப்பத்தை அனுப்பியதோடு வேலை முடியாது. கல்லூரியில் உதவித்தொகைக்கென்று ஒரு பொறுப்பு அலுவலர் இருப்பார். அவர் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் அது நகரும். குறை இருந்தால் திருப்பி அனுப்புவார், அதைத் திருத்தவும் கெடு உண்டு. வாரம் ஒரு நாள் தளத்தில் நிலையைப் பாருங்கள். விண்ணப்ப எண்ணைச் செல்பேசியில் மட்டும் வைக்காமல் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உதவித்தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்று யார் போன் செய்தாலும் வைத்துவிடுங்கள். பிள்ளையின் பெயர், படிக்கும் கல்லூரி எல்லாம் சரியாகச் சொல்வார்கள், அதனால் நம்பிவிடுகிறோம். பணம் வருவதற்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இத்தனைக்கும் பிறகு பணம் போதவில்லை என்றால் கல்விக் கடன். நான்கு லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்துவிட்டு வங்கிக்குப் போங்கள். வட்டிக்காரரிடம் நகையை வைத்துவிட்டு அதன் பிறகு என் கடைக்கு வராதீர்கள்.

ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும் என்பதைப் பாதிப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். மத்தியத் துறைத் திட்டத்துக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப்பதிவும் வேண்டும். காசிமேட்டு அம்மாவின் மகளுக்கு ஆதாரில் பெயர் திருந்தி, கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது விண்ணப்பம் மீண்டும் மேலே போனது, பணமும் வந்தது. இரண்டாம் ஆண்டு புதுப்பிக்க அவள் தனியாகவே வந்தாள். தன் செல்பேசியிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். நகல் எடுக்க மட்டும்தான் கடை தேவைப்பட்டது. போகும்போது, எதிர்வீட்டுப் பையன் இந்த ஆண்டு பிளஸ் டூ என்றும், அவன் ஆதாரிலும் அப்பா பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றும், சனிக்கிழமை அழைத்து வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.